அழுகைக்கு முன்னால் ஒரு மூச்சு

அம்மா,

போன வாரம் மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். தொண்டை கட்டிப் பத்து நாளாகியும் சரியாகவில்லை. கல்லூரியில் பின் பெஞ்சுப் பெண்கள் "மேடம், கேக்கல" என்று சொல்லிச் சலித்து, இப்போது சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். ஐம்பது கிராம் அதிமதுரம் கேட்டேன். கடைக்காரர் ஒரு மர இழுப்பறையை இழுத்தார். சுக்கு, வசம்பு, திப்பிலி என்று அந்தக் கடை முழுக்க அடைந்துகிடந்த நெடிகளை விலக்கிக்கொண்டு, மண்ணும் இனிப்பும் கலந்த அந்த ஒரு வாசனை மட்டும் தனியாக வந்து என் முன்னால் நின்றது.

உன் கைப்பையின் வாசனை. ஒரு கைக்குட்டை, ஒரு சீப்பு, மூடி நசுங்கிய ஒரு சின்ன டப்பா. டப்பாவுக்குள் அதிமதுரக் குச்சிகள். ரிக்கார்டிங் இருக்கிற நாளில் காலையிலிருந்தே ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாய். அன்றைக்கு எங்களோடு அதிகம் பேச மாட்டாய். ஏதாவது கேட்டால் கையாலேயே பதில் வரும். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது நீ குனிந்து என் நெற்றியில் பொட்டை நேராக்கினால், அந்த வாசனை என் முகத்தில் படும்.

பொட்டலத்தை வாங்கிய பிறகும் நான் நகராமல் நின்றிருக்கிறேன். பின்னால் இருந்தவர், "இன்னா மேடம், வாங்கினா நவுருங்க. வெயிலு மண்டையப் பொளக்குது" என்றார். நகர்ந்தேன். குளத்துப் பக்கம் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று அங்கே தோன்றியது. எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ என்ன வேலை செய்தாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. "சினிமாவில் அழுதாங்க" என்பேன். கேட்டவர் சிரிப்பார். ஆனால் அதுதான் உண்மை. வெளி மாநிலத்திலிருந்து வந்த, பெரிய கண்களுள்ள ஒரு நடிகை. கறுப்பு வெள்ளைக் காலத்தில் அவர் படம் மாட்டாத சலூன் கிடையாது, அவர் சிரிக்காத காலண்டர் கிடையாது. கஷ்டப்பட்டுத் தமிழ் கற்றுக்கொண்டு சொந்தக் குரலிலேயே வசனம் பேசிவிடுவார். அழுகை மட்டும் வராது. முகம் அழும், கண் அழும், குரல் அழாது. "அவங்க அழுதா பூனைக்குட்டி மாடிப்படியில மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்" என்பாய். அந்த இடத்துக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். வசனம் அவருடையது. வசனம் உடைகிற இடத்திலிருந்து நீ.

அந்த வேலைக்கு நீ வந்த கதையைச் சொல்லச் சொல்லி எத்தனை முறை நச்சரித்திருப்பேன். கோரஸ் பாட வந்த பத்துப் பெண்களில் நீ ஒருத்தி. சவுண்டு இன்ஜினியர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, யாராவது ஒரு பெண் அழுதுகாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். "ஒம்பது பேரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாளுங்க. எனக்குக் காலையிலேர்ந்து சாப்பாடு இல்ல. அழுதேன்." அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு முறையும் இதே மூன்று வாக்கியம். நான்காவது வாக்கியம் உன்னிடம் இருந்ததே இல்லை.

டப்பிங் எப்படி நடக்கும் என்பதை என் ஜடை ரிப்பனை வைத்து விளக்கினாய். ரிப்பனின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து வட்டமாக்கி, "இதான் லூப்பு. ஃபிலிம் துண்டை இப்டி ஒட்டி மாட்டிடுவாங்க. அதே சீன் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். அவங்க வாய் அசையறதும் நம்ம அழுகையும் ஒண்ணா விழற வரைக்கும் விட மாட்டாங்க" என்றாய். திரையில் ஒரு கணவன் செத்துக் கிடப்பான். நடிகை அவன் மேல் விழுவாள். நீ அழுவாய். சரியாக விழவில்லை என்றால் வட்டம் சுற்றி வந்து கணவன் மறுபடி செத்துக் கிடப்பான். "ஒரே காலையில ஒரே புருஷன் எனக்கு முப்பது தடவை செத்தான்டி. கடைசில ஓகேன்னாங்க. அப்பாடா, ஒருவழியா செத்தான்னு வெளிய வந்து காபி குடிச்சேன்."

மைக்குக்கு முன்னால் நிற்க நூல் புடவைதான். பட்டு சரசரக்கும். கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து முடிந்துகொள்வாய். அதற்குப் பிறகு ஒரு மூச்சு. அழுகை தொடங்குவதற்கு முன்னால், உள்ளே எதையோ தேடிப் போவது போல ஒரு நீண்ட மூச்சு. அந்த மூச்சுச் சத்தம் படத்தில் வரக் கூடாதாம். இன்ஜினியர் வெட்டிவிடுவார். ஒரே ஒரு படத்தில் வெட்டவில்லை. அந்த நடிகையின் தோள் சரியாக அந்த அரை நொடியில் உயர்ந்ததால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாராம். கணவன் பிணத்தின் மேல் அவர் விழுகிற காட்சி. ஊரே பேசிய காட்சி.

அப்பா அந்தக் காட்சியின் பைத்தியம். வடபழனி பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. ஆனால் பொழுதெல்லாம் அந்த நடிகைதான். பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி ஒரு தடித்த நோட்டில் ஒட்டிவைத்திருந்தார். தியேட்டர் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகங்களை வரிசையாகத் தைத்துவைத்திருந்தார். நீ சினிமாவில் கோரஸ் பாடுகிற பெண் என்பது மட்டும்தான் பெண் பார்க்க வந்தபோது அவருக்குத் தெரியும். அழுகை விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் எடுக்கிற விஷயமா அது?

கல்யாணமான மூன்றாம் வாரம் உன்னைத் தி. நகரில் ஒரு தியேட்டருக்கு மேட்னி ஷோ கூட்டிப்போனார். அந்தப் படம் திரும்ப வந்திருந்தது. அந்தக் காட்சி வந்ததும் அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். நீ மெதுவாக அவர் காதில் சொல்லியிருக்கிறாய்.

"ஏங்க, அது நான்தாங்க."

"எது?"

"அந்த அழுகை."

"தே, சும்மா டூப்பு வுடாத. படத்தப் பாக்க வுடு."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சண்டை. "அவங்க அழுகைய நான் ஆறு வருசமா கேக்கறேன். எனக்குத் தெரியாதா?" என்பது அவர் கட்சி. பஸ்ஸைவிட்டு இறங்கியதும், அழுது காட்டு பார்க்கலாம் என்று சவால். வடபழனியில் அப்போது நீங்கள் இருந்தது வரிசையாகப் பத்துக் குடித்தனம் உள்ள லைன் வீடு. நடுக்கூடத்தில் நின்றாய். வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாய். அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, அப்போது பாவாடை தாவணிப் பெண், பதறிப்போய் ஓடிவந்தாள். "ஐயையோ அண்ணி, இன்னா பண்றீங்க! புதுப் பொண்ணு வெறுங்கையோட நிக்கலாமா?"

"சத்தம் விழும்மா, அதான்" என்றாயாம்.

பிறகு அந்த மூச்சு. பிறகு அழுகை. அப்பா சொல்வார், சுவரில் மாட்டியிருந்த காலண்டரே அழுவது போல இருந்ததாம். அதற்குள் கதவு இடிபட்டது. பக்கத்துக் குடித்தனம், ஸ்டுடியோவில் செட் போடுகிற தச்சரின் மனைவி, கையில் கரண்டியோடு நின்றிருக்கிறாள்.

"டேய் தம்பி, கதவத் தொற! கல்யாணம் ஆயி முழுசா ஒரு மாசம் ஆவல. அதுக்குள்ள பொண்ண இப்டி அழ வுட்டுக்கினு கீறியே, நீயெல்லாம் மன்சனா?"

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணல. அது சினிமாக்கா."

"சினிமாவா? அப்ப உன் மூஞ்சி ஏன் நனைஞ்சு கீது?"

அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கரண்டியைப் பிடித்திருப்பது போலக் கையை உயர்த்திக் காட்டுவார். நீ அடுப்படியிலிருந்து, "ஆரம்பிச்சாச்சா?" என்பாய். அன்றைக்குப் பிறகு அவர் அந்த நோட்டை எடுத்து, அந்த நடிகை அழுகிற படங்களுக்குக் கீழே மட்டும் பென்சிலால் எழுதிவைத்தார்: 'அழுதது இவள்.' உன் பெயரைக்கூட எழுதவில்லை. இவள். வீட்டுக்கு யார் வந்தாலும், "மூஞ்சி செவுத்துல, அழுகை வூட்ல. நமக்கு ரெண்டு பேரு" என்று ஒரு ஜோக். நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

நான் பிறந்து நாம் மந்தைவெளிக்கு வந்த பிறகு, டிவியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் பார்க்கத் தெருவில் பாதிப் பேர் நம் வீட்டில்தான். உன் அழுகை வருகிற படம் என்றால் எனக்குக் கால் தரையில் பாவாது. "இப்ப வரும், இப்ப வரும்" என்று எல்லோரையும் தொந்தரவு செய்வேன். வரும். கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நீ மட்டும் ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாய்.

"எப்டிம்மா உன்னால கீரை ஆய முடியுது?" என்று எதிர்வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டதற்கு, "நாளைக்கு அடை சுடணுமே" என்றாய்.

பள்ளியில் ஒருத்தி என்னை மடக்கினாள். படம் ஆரம்பிக்கும்போது போடுகிற எழுத்தில் உங்கம்மா பேர் வரவில்லையே, நீ புளுகுகிறாய் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவிக்கு அருகில் போய் உட்கார்ந்து, எழுத்து ஓடுகிற வேகத்துக்கு ஈடு கொடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ஒப்பனை, உடை, ஸ்டில்ஸ். லைட் பிடித்தவர்கள் வரைக்கும் வந்தார்கள். நீ வரவில்லை. உன்னிடம் ஓடிவந்து கேட்டேன். "அழுகைக்கெல்லாம் எழுத்து போட மாட்டாங்கடி. அவங்க அழுதாங்கன்னுதானே ஜனங்க நம்பணும்?" என்றாய். குரலில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

நீ வீட்டில் அழுது நான் பார்த்ததே இல்லை. வெங்காயம் நறுக்கும்போதுகூட. "வூட்ல அழுதா யாரு ஓகே சொல்லுவா?" என்பாய். சிரிப்போம். அந்தப் பேச்சு எவ்வளவு பெரிய கதவைச் சாத்துகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு இருபத்தாறு வயதில் அப்பா போனார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். நிமிரவில்லை. பத்து மணிக்கெல்லாம் மந்தைவெளி வீடு நிறைந்துவிட்டது. வடபழனியிலிருந்து வந்த அத்தை வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். நீ அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய். சம்பிரதாயத்துக்காகப் பெண்கள் உன்னைச் சுற்றி வந்து கையைப் பிடித்தார்கள். நீ அவர்களைத் தடுத்துவிட்டு, நீயே வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். உடைக்கவில்லை. மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதில் வைத்து, முடிந்துகொண்டாய்.

பிறகு ஒரு மூச்சு இழுத்தாய்.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். உன்னை அறிந்த எல்லோருக்கும் தெரியும். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் காத்திருந்தோம். நீ வாயை மூடிக்கொண்டாய். அவர் நெற்றியில் விழுந்திருந்த ஒரு முடியை ஒதுக்கிவிட்டாய். அவ்வளவுதான். அன்று முழுக்க அவ்வளவுதான்.

அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள். "ஊருல செத்தவனுக்கெல்லாம் அழுதீங்களே அண்ணி. எங்கண்ணனுக்கு ஒரு சொட்டு இல்லியா உங்க கையில?" நீ அடுப்படிக்கு எழுந்து போனாய். நான் பின்னாலேயே வந்தேன். கதவைச் சாத்தினேன். அத்தை சொன்னதாவது துக்கத்தில் சொன்னது. நான் யோசித்துச் சொன்னேன்.

"எங்கப்பாவுக்கு அழணும்னா உனக்கு மைக்கு வெக்கணுமா?"

நீ என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாய். அது உன் தொழில் பழக்கம். யார் பேசினாலும் உதட்டைத்தான் பார்ப்பாய். நான் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாய், அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பது போல. பிறகு, "காலையிலேர்ந்து தண்ணியாச்சும் குடிச்சியா?" என்று கேட்டு, ஒரு தம்ளரை என் கையில் கொடுத்தாய். நான் குடித்தேன். அந்த வாக்கியத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நாம் ஒன்றும் பகையாக இருக்கவில்லை. என் கல்யாணம் ஆயிற்று. அடையாறில் எங்களோடு வந்து தங்கினாய். சாயங்காலம் ஊரூர் குப்பம் வழியாகக் கடற்கரைக்கு நடந்துபோவோம். மீன் விற்கிற பெண்ணிடம் ஒரு சங்கரா மீனுக்காக நீ கால் மணி நேரம் வம்பு பண்ணுவாய். "இன்னா ஆயா, நீ மீன் வாங்க வந்தியா, மீனுக்கு மாப்ள பாக்க வந்தியா?" என்று அவள் கத்துவாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாய். நாம் எதைப் பற்றியும் பேசுவோம். அந்த ஒன்றைத் தவிர. கூடத்தின் நடுவில் கிடக்கிற ஒரு ஸ்டூலைத் தினமும் சுற்றிக்கொண்டு நடப்பது போல அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

பிறகு ஒரு மதியம் அந்த நடிகை இறந்துபோனார். நீ அவரை நேரில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. திரையில் மட்டும்தான், அதுவும் அரைகுறை இருட்டில், வட்டமாகச் சுற்றி வருகிற துண்டு துண்டான முகமாக. அன்றைக்கு எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தக் காட்சிதான். தோள் உயர்கிறது, பிணத்தின் மேல் விழுகிறார், அழுகை. செய்தி வாசிப்பவர் ஏதோ சொல்கிறார். மறுபடி தோள் உயர்கிறது. நீ சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாய்.

"பாருடி, லூப்பு" என்றாய்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"அவங்க சாவுக்கும் நானே அழறேன் பாரு. அவங்க இருந்தாங்க, அவங்க வாய்க்கு அழுதேன். இப்ப அவங்களே போய்ட்டாங்க, இன்னும் அழுதுக்கிட்டு இருக்கேன்."

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாய். முகம் மட்டும் அழுதுகொண்டிருந்தது. நீ என்னைப் பார்க்காமல் பேசினாய்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, மைக்கு வெக்கணுமான்னு."

பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. நீ அதை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்தாய்.

"தொண்டை வரைக்கும் வந்துச்சுடி. வந்தது இதுதான்." டிவியைக் காட்டினாய். "இதே அழுகை. இதே எடத்துல ஏறும், இதே எடத்துல ஒடையும். எனக்கு வேற தெரியாது. பதினெட்டு வயசுலேர்ந்து எனக்குள்ள இருந்ததையெல்லாம் அங்க குடுத்தாச்சு. உங்கப்பாவுக்குன்னு புதுசா ஒண்ணு எங்கனாச்சும் இருக்கும்னு நெனச்சேன். மூச்ச இழுத்துத் தேடிப் பார்த்தேன். இல்ல. அவரு தியேட்டர்ல கேட்டு அழுத அழுகைய, வூட்ல ஜோக்கு சொல்லிச் சிரிச்ச அழுகைய, அவரு தலைமாட்டுல உக்காந்து அவருக்கே எப்டிடி அழறது? நடிச்ச மாதிரி ஆயிடாதா? அதான் வாய மூடிக்கிட்டேன்."

அப்போதாவது நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்து, அன்றைக்கு நான் கேட்டது தப்பு என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? நான் எழுந்து, "காபி போடட்டுமா?" என்றேன். நீ என் வாயைப் பார்த்தாய். "சக்கரை கம்மியாப் போடு" என்றாய். நாம் இரண்டு பேரும் காபி குடித்தோம். டிவியில் சத்தமில்லாமல் அவர் அழுதுகொண்டே இருந்தார்.

போன வருடம் ஆடி மாதத்தில் நீ போனாய். அடையாறு வீட்டில், காலைச் சூரியன் பால்கனிக்கு வருகிற நேரத்தில். வடபழனியிலிருந்து அத்தையை ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறி வந்தவள், உன்னைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் உன் கைப்பையை மடியில் வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. திறந்தேன். டப்பா இருந்தது. வாசனை இருந்தது.

அழ வேண்டும் என்று நினைத்தேன். மூச்சு இழுத்தேன். அது என் மூச்சு போல இல்லை. நீளமாக, எதையோ தேடிப் போவது போல. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. எதை எடுத்தாலும் உன்னுடையதாக இருந்தது. வீடு முழுக்க ஆட்கள். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குச் சொன்னதை எனக்கும் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் என் முதுகில் கையை வைத்தாள். "அழுவ வரலன்னா வுடும்மா. அண்ணியும் அன்னிக்கு இப்டித்தான் மூச்ச இஷ்த்தாங்க. அத்தோட நின்னுச்சு. இத்தினி வருசமா என் காதுலயே கீது அது. அப்பால இன்னா வரப்போதுன்னு காத்துக்கினே கெடந்தேன். அந்த மூச்சேதான் அழுகைன்னு எனுக்கு அப்ப தெர்ல. வாய்க்கு வந்தத கேட்டுட்டேன்."

பிறகு அவள் அழுதாள். அண்ணனுக்கு அழுதது போலவே, மார்பில் அடித்துக்கொண்டு. "அண்ணி, மன்னிச்சுடுங்க அண்ணி" என்று உன் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. என்னால் அதுகூட முடியவில்லை. அத்தையின் துணிச்சல் எனக்கு இல்லை, அம்மா. நான் படித்தவள்.

இப்போது அந்தக் காட்சி ஃபோனிலேயே கிடைக்கிறது. ஒன்றே கால் நிமிடத் துண்டு. கீழே ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், இப்படி ஒரு நடிப்பு இனி வருமா, இந்த அழுகையைக் கேட்டால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது என்றெல்லாம். ஒரு நாள் நானும் எழுதினேன், 'அழுதது இவரில்லை, என் அம்மா' என்று. அனுப்புவதற்கு முன்னால் அழித்துவிட்டேன். ஜனங்கள் நம்பட்டும். அப்பா பென்சிலால் போட்ட எழுத்து என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் அந்தத் துண்டை முழுதாகப் பார்ப்பதில்லை. அவர் தோள் உயர்கிற இடத்தில் நிறுத்திவிடுவேன். அழுகையை அந்த நடிகையிடமே விட்டுவிட்டேன். அதற்கு முந்தின அரை நொடி மட்டும் எனக்கு. வெட்டாமல் விட்ட அந்த இன்ஜினியர் யாரென்று தெரியாது. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

குளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேனே. பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். இனிப்பு மெதுவாகத் தொண்டைக்குள் இறங்கியது. எதிரே ஒரு பெண் படியோரம் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலைச் சும்மாட்டை உதறிக்கொண்டிருந்தாள். என்னை யாரும் கவனிக்கவில்லை. இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உனக்கு ஒரு அழுகைக்கு முப்பது டேக் கொடுத்தார்கள். எனக்கு அடுப்படியில் ஒன்று கிடைத்தது, அதில் தப்பாகப் பேசினேன். சோபாவில் ஒன்று கிடைத்தது, அதில் காபி போடப் போனேன். இது மூன்றாவது.

மன்னிச்சுடும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தொண்டை கட்டியிருந்தது. குரல் எழும்பவில்லை. மூச்சு மட்டும் உள்ளே போனது, நீளமாக.

பூக்காரப் பெண் சட்டென்று நிமிர்ந்து என் பக்கம் திரும்பினாள். "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்றாள்.

அன்றைக்கு மைக்கு வேண்டுமா என்று உன்னைக் கேட்டேன். வேண்டியிருக்கவில்லை, அம்மா. அந்த மூச்சு அது இல்லாமலே கேட்கிறது.